சவேரியார்வலசைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்

மகனே,

கடிதத்தின் தலையில் 'சேசு மரி சூசை' என்று போடாமல் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. மறதியால் அல்ல. இத்தனை கோபத்தில் அந்தப் பெயர்களை எழுதக் கை வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்ததுமே இது நம் வீட்டுப் பிலோமினாள் எழுதியது இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவள்தான் என் கடிதங்களை எழுதுகிறாள். இதை அவளை வைத்து எழுத முடியாது. பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நானே எழுதுகிறேன். நேற்றுக் காலையில் ஆரம்பித்தது. நலமா என்று கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாதே. நீ நலமாகத்தான் இருப்பாய். மதுரை ஆபீசில் ஏஜெண்டுகளை மேய்க்கிற உத்தியோகம், மேலே மின்சார விசிறி, உனக்கு என்ன கேடு.

உன் மனு வந்தது. அதோடு நீ வைத்திருந்த சீட்டும் வந்தது. "அய்யா, ஜில்லாவில் இருக்கிற ஏஜெண்டுகளில் மூத்தவர் நீங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும்" என்று எழுதியிருந்தாய். பிலோமினாள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். அரசாங்க டாக்டர்கள் இனித் தனியாகப் பீஸ் வாங்கக் கூடாது, கடற்கரை ஊர்களில் புதிதாகக் கட்டப்போகிற சின்ன ஆஸ்பத்திரிகளில் அவர்கள் குடியிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போட்டிருக்கிறது. அதனால் இன்சூரன்ஸ் தொழிலுக்கு என்னென்ன இடைஞ்சல் வரும் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதியிருந்தாய். பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கடைசியில் ஒரு பட்டியல். 'கீழ்க்கண்ட ஊர்களில் பொதுமக்கள் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்கவில்லை.' நாலாவது பெயர் சவேரியார்வலசை. அங்கே நிறுத்திவிட்டாள். "நம்ம ஊருல்ல மாமா" என்றாள். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, "நம்ம ஊருக்கு ஆஸ்பத்திரி வேணாம்னு அத்தானுக்கு யாரு மாமா சொன்னது?" என்று கேட்டாள். கண் வலிக்கிறது, அப்புறம் வாசிக்கலாம் என்றேன். கண்ணுக்கும் காதால் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்டதை நானும் கேட்கிறேன். யாருலே சொன்னது உனக்கு? 'மேற்படி ஊர் என் தகப்பனாரின் சொந்த ஊர், அவ்வூர் மக்களின் மனநிலையை நான் நன்கறிவேன்' என்று அதற்குக் கீழே வேறு எழுதியிருக்கிறாய், பூதக்கண்ணாடியை வைத்து நானே வாசித்தேன். என்ன அறிவாய்? திருவிழாவுக்குத் திருவிழா கொடியேற்றத்துக்குப் போய், சித்தப்பன் வீட்டில் நண்டுக்கறி தின்றுவிட்டு மத்தியான வண்டிக்குத் திரும்பி வருகிறவன் நீ. அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை மைல் மணலில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று உனக்குத் தெரியுமா? வாடைக் காற்றுக் காலத்தில் வள்ளத்தை இறக்க முடியாது, மழை பெய்தால் மாட்டுவண்டி அச்சுவரை புதையும் என்றாவது தெரியுமா? ஆனாலும் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. வலசைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிற வாக்கியத்தை உலகத்தில் முதன்முதலாக எழுதியவன் நான்தான். நீ என் பையில் கைவிட்டு எடுத்தமாதிரி எடுத்து எழுதியிருக்கிறாய்.

சொல்கிறேன், கேள். சுதந்திரம் வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. இன்சூரன்ஸ் அப்போது தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. வலசையில் பிறந்து, பங்குச் சாமியார் புண்ணியத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கடல் தொழிலுக்குப் போகாமல் சட்டை போட்ட முதல் ஆள் நான். சைக்கிளில் தோல்பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். பாலிசி எடுக்கச் சம்மதித்த ஆளை நாங்கள் 'பார்ட்டி' என்போம். பார்ட்டி சரி என்று சொன்னால் மட்டும் போதாது. டாக்டர் அவரைச் சோதித்து, நெஞ்சளவு, எடை, சிறுநீர் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் 'மெடிக்கல்'. எங்கள் வட்டாரம் முழுவதற்கும் கம்பெனிகள் ஒத்துக்கொண்ட டாக்டர் ஒரே ஒருத்தர். நாம் குடியிருந்த டவுனில் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அவர். நல்ல மனுஷர். அவர் கையெழுத்து இல்லாமல் எங்களில் ஒருத்தன் வீட்டிலும் அடுப்பு எரியாது என்பதுதான் அன்றைய நிலைமை.

அப்போதுதான் ஒரு சேதி வந்தது. சுற்றியிருக்கிற கடற்கரை ஊர்களுக்கெல்லாம் சேர்த்து, சவேரியார்வலசையில் அரசாங்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டப்போகிறது. டாக்டர் வாரத்தில் நாலு நாள் அங்கே தங்கவேண்டும். வெளியே பீஸ் வாங்கக் கூடாது. பிரசவம் பார்க்க ஒரு நர்சம்மா நிரந்தரமாக அங்கேயே இருப்பாள். இதைக் கேட்டதும் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் முழிக்காத ஏஜெண்டுகள் எல்லாம் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தோம். பரமக்குடியில் ஒரு நூல் கடை மாடியில் கூட்டம். முதுகுளத்தூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. வேறொரு கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்ட ஏஜெண்ட் ஒருவர் எழுந்து பேசினார். "டாக்டர் போயிட்டா மெடிக்கல் போச்சு. மெடிக்கல் போனா நாம போச்சு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. சீக்குன்னா அரசாங்கம் பாத்துக்கிரும்னு சனங்களுக்கு ஒரு தைரியம் வந்துருச்சுன்னா, அப்புறம் எவன்யா பயப்படுவான்? பயப்படாதவன்ட்ட பாலிசி விக்க முடியுமா?" என்றார். எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலை இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே வெட்டிப் போடலாம் போல வருகிறது.

ஏஜெண்டுகள் பெயரில் மனுப் போட்டால் எடுபடாது என்று அவர்தான் யோசனை சொன்னார். "நம்ம வயித்துப்பாட்டை எழுதினா அதிகாரி சிரிப்பான். ஊர்க்காரனே வேணாம்னு எழுதணும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த ஊர்க்காரன். எனக்குத் தமிழும் நன்றாக வரும். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'கடலை நம்பிப் பிழைக்கும் ஏழைகளாகிய எங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. அதற்குக் குறித்திருக்கும் இடம் நாங்கள் வலை காயப்போடும் இடம். எங்கள் பெண்கள் அன்னிய ஆண்களிடம் வைத்தியம் செய்துகொள்ள மாட்டார்கள்.' வாசித்துக் காட்டியதும் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுவில் ஒரு பொய்கூட இல்லை என்று அன்றைக்கு நான் நினைத்தேன் என்றால் நம்புவாயா? வலை காயப்போடும் இடம்தான் அது. ஆனால் ஊரைச் சுற்றி வேறு மணலே இல்லையா? அதை எழுதவில்லை. அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

அடுத்த நாள் வலசைக்குப் போனேன். அந்தோணியார் குருசடிச் சிலுவைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். வலை காயப்போடும் இடத்தை அரசாங்கம் எடுக்கப் போகிறது, தடுக்க வேண்டுமானால் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னேன். கிழவர் ஒருத்தர் மட்டும், "ஏம்ப்பா, ஆஸ்பத்திரி வந்தா நல்லதுதான? வலையை அங்கிட்டுத் தள்ளிக் காயப் போட்டுக்கிர மாட்டமா?" என்று கேட்டார். "அது ஒங்களுக்குத் தெரியாது மாமா. டாக்டர் வாரதுக்கு முன்னாடி தாசில்தார் வருவாரு, போலீசு வரும்" என்று அவர் வாயை அடைத்தேன். எல்லாரும் கைநாட்டு. கயிறு இழுத்து இழுத்து, உப்புத் தண்ணீரில் ஊறி, பெருவிரலில் ரேகையே தேய்ந்துபோன ஆட்கள். காகிதத்தில் விழுந்ததெல்லாம் வெறும் மைக்கறை. இதை வைத்து யார் கை என்று எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்பார் என்பதால், 'இவர்கள் அனைவரும் எனக்குத் தெரிந்தவர்கள்' என்று அடியில் எழுதி நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

என் சாட்சிக் கையெழுத்தைத் தவிர அந்த மனுவில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. உன் அத்தை அந்தோணியம்மாளுடையது. என்கூடப் பிறந்த ஒரே தங்கை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பலகையைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிப் பழகியவள். ஊரில் பேனா பிடிக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை என்று அவளுக்குப் பெருமை. "கையில மையத் தடவாத அண்ணே, நான் பேரே எழுதுவேன்" என்று சிரித்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமோ என்னவோ. "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுப் பாரேன்" என்று அவள் புருஷன் சவரிமுத்து சொன்னதற்கு, "எங்க அண்ணன் எழுதுனத நான் வாசிச்சுப் பாக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

மனு ஜெயித்தது. ஊர்க்காரர்களே வேண்டாம் என்றதும் திட்டம் வேறெங்கோ போய்விட்டது. டாக்டர் டவுனிலேயே இருந்தார். இதில் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வலசையில் எனக்கு ஒரு பாலிசிகூடக் கிடையாது. கடலுக்குப் போகிறவன் என்று படிவத்தில் எழுதினால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். அவர்களுக்கு நான் விற்க முடிந்தது ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வர இருந்ததையும் தடுத்தேன். தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோல்போர் நாய் என்பார்களே, அது நான்தான்.

வருஷக் கடைசி வந்தது. கம்பெனி கணக்கு முடிக்கிற மாசம் என்றால் எங்களுக்குத் தலைகால் தெரியாது. பார்ட்டிகளை மொத்தமாகச் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மெடிக்கல் வைப்பேன். டாக்டருக்கு அன்று ஓய்வு. கூடத்தில் எடைக் கருவியும் நாடாவும். அடுக்களையில் ஆட்டுக்கறி. உனக்கு அப்போது எட்டு வயது, நன்றாக ஞாபகம் இருக்கும். டாக்டர் ரப்பர் குழாயை உன் காதில் மாட்டிவிட்டு ஒரு வியாபாரியின் நெஞ்சைக் கேட்கச் சொன்னார். "உள்ள யாரோ நெல்லுக் குத்துறாங்க" என்று நீ சொன்னதும் கூடமே சிரித்தது. அந்தக் கதையைத்தான் நீ உன் கல்யாணத்தன்று உன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு இன்சூரன்ஸ் ஆசை வந்ததே அன்றைக்குத்தான் என்றாய். நான் எழுந்து வெளியே போனேன். எனக்கு வெற்றிலை போடத் தோன்றியது என்று நீ நினைத்திருப்பாய்.

அன்றைக்குப் பூசைக்குக்கூட நான் போகவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி பியூன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். நான்தான் போனேன். "டாக்டரய்யாவ உடனே வரச் சொல்றாங்க. வலசையிலருந்து ஒரு பொம்பள வந்துருக்கு. வண்டியிலயே புள்ள பொறந்துருச்சு. நஞ்சுக்கொடி விழலை. ரெத்தம் நிக்க மாட்டேங்குது" என்றான். இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் பெரிய பார்ட்டி. அன்றைக்கு விட்டால் வருஷம் முடிந்துவிடும். நான் அவனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாக வாசித்துக்கொள். "புள்ளதான் பொறந்துருச்சே, அப்புறம் என்ன? இன்னும் ரெண்டே பேருதான். முடிச்சிட்டு வாராருன்னு சொல்லு" என்றேன். அவன் தயங்கி நின்றான். "போப்பா" என்றேன். உள்ளே வந்து டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாடாவைப் பிடித்து நெஞ்சளவு எடுக்க, நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆள் சட்டையைப் போட்ட பிறகுதான் சொன்னேன். டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து எடுக்காமலே எழுந்தார். "எப்ப வந்து சொன்னாங்க?" என்றார். "இப்பத்தான் டாக்டர்" என்றேன். அவர் சாப்பிடாமல் ஓடினார். நான் பார்ட்டிகளுக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

யார் அந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. இதுதான் நான் செய்தது. வலசை என்று அவன் சொன்னான். என் ஊர். இருபது இருபத்தைந்து குடும்பம், எல்லாம் சொந்தம். யாராக இருந்தாலும் எனக்கு அக்காவோ மதினியோ தங்கையோதான். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டிருந்து, வேறு யாரோ என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது சவரிமுத்து வந்து நின்றான். வேட்டி, சட்டை எல்லாம் ரத்தம். கால் முட்டிவரை சேறு. விடியக்காலம் கிளம்பிய வண்டி, மூன்று இடத்தில் புதைந்து, ஆள் பிடித்துத் தள்ளித் தள்ளி வந்து சேர்ந்திருக்கிறது. "மச்சான்" என்றான். "அந்தோணி போயிட்டா மச்சான். டாக்டரு வந்தாரு. வந்து என்ன, ரெத்தம் பூராம் போயிருச்சு. கொஞ்சம் முன்னாடி வந்துருந்தா பொழைச்சிருப்பாங்கிறாரு." அடுத்து அவன் சொன்னதை நான் கல்லறைக்குப் போகும்வரை கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். "நாமதான மச்சான் ஆஸ்பத்திரி வேணாம்னு எழுதிக் குடுத்தோம். வலைக்கு எடம் போயிரும்னு பாத்தோமே. அது எங்க புத்திகெட்டதனந்தான மச்சான்?" என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாவத்தையும் அவனே தூக்கிக்கொண்டான். அவனை இறக்கி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் விதி" என்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவன் தவித்ததைப் பார்த்து நாமே வளர்க்கிறோம் என்று வாங்கிக்கொண்டோம். அடுத்த வருஷம் அவன் இலங்கைக்குக் கப்பலேறினான். திரும்பி வரவில்லை.

தங்கை பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறான், மகராசன் என்று கோயிலில் சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சில மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "அந்தப் பியூன் என்கிட்ட வேற நேரம் சொன்னான்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் உன் அம்மாவுக்குத் தெரியும். அடுக்களைச் சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் வாசல். பியூன் சொன்னதும் நான் சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து நம் வாசலில் யார் வந்து நின்றாலும், தபால்காரனோ, மோர்க்காரியோ, பிச்சைக்காரனோ, முதல் வார்த்தையாக "யாரு, எந்த ஊரு?" என்று கேட்கிறாள். கலெக்டர் விசாரணை என்று நீ அவளைக் கேலி செய்வாய். அவள் சிரித்துக்கொள்வாள். அவள் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வது ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இனி உன் மனுவுக்கு வருகிறேன். ஏஜெண்டுகள் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். அரசாங்கம் கம்பெனிகளை எல்லாம் எடுத்துக்கொண்ட வருஷம் நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் இதே பரமக்குடி மாடியில் இதே ஒப்பாரியை வைத்தோம். இன்சூரன்ஸ் தொழிலே செத்தது, இனி எல்லாம் ரேஷன் கடை மாதிரி ஆகிவிடும் என்று அழுதோம். என்ன ஆனது? நான் அதே சைக்கிளில் அதே ஊர்களுக்குப் போனேன். நீ அந்த ஆபீசிலேயே உத்தியோகத்துக்குப் போனாய். நீ இன்று தின்கிற சோறே நாங்கள் எதிர்த்த ஒரு மாற்றத்தில் வெந்த சோறுதான். அதைத் தின்றுகொண்டே அடுத்தவன் உலையில் மண்ணைப் போடப் பார்க்கிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா?

நீ சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு ஒன்றும் கொம்பு முளைத்துவிடவில்லை. கட்டடத்தைக் கட்டிவிட்டு டாக்டரை அனுப்ப மறப்பார்கள். டாக்டரை அனுப்பினால் மருந்தை அனுப்ப மாட்டார்கள். எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுக்கிற இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். டாக்டர் இல்லாமல் மெடிக்கல் தாமதமாகும், தாமதத்தில் பார்ட்டி செத்தால் அவன் பெண்டாட்டிக்கு ஒன்றும் கிடைக்காது என்று எழுதியிருக்கிறாயே, அது உண்மையான கவலை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் பாம்பு கடித்துச் செத்தவன் வீட்டுக்கு நான் செக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்தப் பெண் என் காலைத் தொட்டாள். நம் தொழில் கேவலமான தொழில் என்று உன்னிடம் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கவலையை உன் பெயரில் எழுது. மெடிக்கலுக்கென்று தனி டாக்டரை நியமியுங்கள் என்று கேள். வாரத்தில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கச் சொல். போய்ச் சண்டை போடு, நானே தடியை ஊன்றிக்கொண்டு கூட வருகிறேன். உன் வயிற்றுவலியை ஊரான் வயிற்றுவலி என்று எழுதாதே. அவன் கேட்கவில்லை என்று சொல்ல நீ யார்? அவன் கேட்டானா இல்லையா என்று நீ போய்க் கேட்டாயா? நானாவது போய் ஏமாற்றிக் கைநாட்டு வாங்கினேன். நீ அந்தச் சிரமம்கூடப் படவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டாய்.

பிலோமினாளுக்குப் பதினெட்டு வயதாகிறது. நர்சு படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள், உனக்குத் தெரியுமா? போன வாரம் அதை நிரப்பிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "எங்கம்மா எதுனால மாமா செத்தாங்க?" என்று கேட்டாள். "பிரசவத்துல" என்றேன். "பிரசவம் ஒரு சீக்கா மாமா?" என்றாள். அதற்கு நாலாம் நாள் உன் மனு வந்தது. அதையும் அவள் வாயாலேயே வாசித்துக் கேட்கும்படி ஆனது. இதற்கு மேல் ஆண்டவர் என்னிடம் எப்படிச் சொல்லுவார்?

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிவிட்டு மனுவை உனக்குத் திருப்பி அனுப்புவதாகத்தான் இருந்தேன். அப்படிச் செய்தால் நீ வேறொரு கிழவனைப் பிடிப்பாய். அதனால் மனு என்னிடமே இருக்கட்டும். சனிக்கிழமை நான் பிலோமினாளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தில் இருப்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். அவள் என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நீ முதல் வண்டிக்கு வா. முதல் கையெழுத்துக்கு நீ இடம் விட்டிருக்கிறாய் அல்லவா, அந்த இடம் எனக்குரியது அல்ல. போன மனுவில் கையெழுத்துப் போட்ட ஒரே ஒருத்தியின் மகள் இருக்கிறாள். மனுவை அவளிடம் கொடு. அவள் அம்மாவைப்போல வாசிக்காமல் போடுகிறவள் அல்ல, நம் ஊரின் பெயர்வரை வாசித்துவிட்டாள். நாலாவது ஊரின் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டி, இங்கே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கையெழுத்துப் போடு தாயி என்று உன் வாயால் கேள். அவள் போட்டால் அதற்குக் கீழே நான் போடுகிறேன்.

வாசல் கதவு சாத்தியிருக்கும். தட்டினால் உன் அம்மா உள்ளே இருந்து "யாரு, எந்த ஊரு?" என்று கேட்பாள். சிரிக்காதே. சவேரியார்வலசை என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வா.

உன் அய்யா